பேச்சில் சரளம், எழுத்தில் தடுமாற்றம்: அமெரிக்க ஸ்பானிஷ் வகுப்புகளில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் 4 கோடிக்கும் மேல். அங்கே ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் மொழி அதுதான். பள்ளி, கல்லூரிகளில் அதிகம் பேர் பாடமாக எடுத்துப் படிக்கும் வேற்றுமொழியும் அதுதான். அதனால் ஒரே ஸ்பானிஷ் வகுப்பில் இரண்டு விதமான மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். ஒருத்தி, பிறந்ததிலிருந்து பாட்டியோடு ஸ்பானிஷில் பேசி வளர்ந்தவள். இன்னொருவன், 14 வயதில் பள்ளிப் புத்தகத்தைத் திறந்து முதல் சொல்லிலிருந்து ஆரம்பித்தவன். பேச்சுப் போட்டி வைத்தால் அவன் அவள் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கட்டுரை எழுதச் சொன்னால், பல சமயம் அவளுடைய தாளில்தான் சிவப்பு மை அதிகம்.

இது எப்படி? வீட்டில் பேசுவது கொச்சை ஸ்பானிஷ் என்பது சிலர் சொல்லும் பதில். தெரிந்த மொழிதானே என்று அலட்சியமாக எழுதுகிறார்கள் என்பது இன்னொரு பதில். இரண்டும் தவறு. இரண்டு மாணவர்களும் மொழியை வேறு வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தவர்கள். தாளில் ஒரே மாதிரி தெரியும் பிழைக்குக்கூட அவர்களிடம் வேறு வேறு காரணம் இருக்கும். காரணம் வேறென்றால் திருத்தும் வழியும் வேறாக வேண்டும். ஆசிரியர்கள் பலருக்கு இது புரிந்திருக்கிறது. தேர்வு முறைகளுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

## முதலில், யார் யார்?

மொழியியலில் முதல் வகையினரை மரபுமொழியாளர் எனலாம். இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் வரையறை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் குவாடலூப்பே வால்டெஸ் தந்தது. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழி பேசப்படும் வீட்டில் வளர்ந்தவர். அந்த மொழியைப் பேசுபவர், அல்லது பேசாவிட்டாலும் கேட்டால் புரிந்துகொள்பவர். அந்த மொழியிலும் ஆங்கிலத்திலும் ஓரளவாவது இருமொழியாளர். டொரோண்டோவிலோ நியூ ஜெர்சியிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் இந்த வரையறைக்குள் வந்துவிடுவார்கள்.

இந்த வரையறையில் படிப்பது, எழுதுவது பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மரபுமொழியாளருக்கு மொழி காது வழியாக வந்தது. எழுத்து வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். 12 வயதில் மெக்சிகோவிலிருந்து வந்து, அங்கேயே ஆரம்பப் பள்ளியை முடித்தவரும் மரபுமொழியாளர்தான். லாஸ் ஏஞ்சலிஸில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்து, தாத்தா பேசுவதைப் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்பவரும் மரபுமொழியாளர்தான். இருவரின் எழுத்துத் திறனுக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

இரண்டாம் மொழி கற்பவர் என்பவர், தாய்மொழி ஒன்று வேரூன்றிய பிறகு பாடமாக ஸ்பானிஷைத் தொடங்கியவர். இவருக்கு முதல் நாளிலிருந்தே மொழி பெரும்பாலும் எழுத்தாகவே அறிமுகமாகிறது. கரும்பலகை, பயிற்சி ஏடு, வினை அட்டவணை, வாராந்திரத் தேர்வு எல்லாமே எழுத்துதான்.

## இரண்டு வகை அறிவு

நமக்குத் தெரிந்த மொழியறிவை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று, யோசிக்காமல் சரியாக வருவது. ஏன் சரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இன்னொன்று, விதியாகத் தெரிந்து வைத்திருப்பது. கேட்டால் விளக்கலாம், ஆனால் பேச்சின் வேகத்தில் சட்டென்று கைகொடுக்காது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மெலிசா பௌல்ஸ் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை நேராக அளந்தது. வாக்கியத்தைக் கேட்டதும் திருப்பிச் சொல்வது, கதை சொல்வது, நேர நெருக்கடியில் ஒரு வாக்கியம் சரியா தவறா என்று தீர்மானிப்பது ஆகியவற்றில் மரபுமொழியாளர்கள் முன்னே நின்றார்கள். பிழை எது, எந்த விதிப்படி பிழை என்று விளக்கும் தேர்வில் இரண்டாம் மொழி கற்றவர்கள் முன்னே நின்றார்கள். அதே பல்கலைக்கழகத்தின் சில்வினா மொன்ட்ருல், சக ஆய்வாளர்களோடு 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பெயர்ச்சொல்லின் ஆண்பால் பெண்பால் பொருத்தத்தை எடுத்துக்கொண்டது. எழுத்துத் தேர்வுகளில் இரண்டாம் மொழி கற்றவர்களிடம் துல்லியம் அதிகம். வாய்மொழியில் மரபுமொழியாளர்களிடம் அதிகம்.

அதாவது, யாருக்கு ஸ்பானிஷ் நன்றாகத் தெரியும் என்பதற்கான விடை, எந்தத் தேர்வு வைக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. எழுத்து, நிதானமாக யோசித்து விதியை நினைவுபடுத்தி அடித்துத் திருத்த இடம் தரும் வேலை. புத்தகத்தில் மொழி படித்தவருக்கு அது சொந்த ஊர். காதால் மொழி கற்றவருக்கு அது தெரியாத ஊர்.

இதற்காக, மரபுமொழியாளரின் பேச்சிலக்கணத்தில் எந்தக் குறையும் இல்லை என்று சொல்லிவிடவும் கூடாது. ஐந்து வயதில் பள்ளிக்குப் போனதிலிருந்து நாளின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் போகிறது. ஆசை, ஐயம், வேண்டுகோள் இவற்றைச் சொல்ல ஸ்பானிஷில் தனி வினைவடிவம் உண்டு. அது குழந்தைகளிடம் முழுமையாக ஊன்ற நாளாகும். அதற்குள் ஆங்கிலம் முந்திக்கொண்டால் அது அரைகுறையாக நின்றுவிடுவதுண்டு. இந்த இடங்களில் இரண்டு வகை மாணவர்களும் ஒருவரை ஒருவர் ஒத்திருக்கிறார்கள்.

## தாளில் தெரியும் பிழைகள்

ஸ்பானிஷைப் படிப்பது எளிது. எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரிந்துவிடும். ஒலியைக் கேட்டு எழுதுவதுதான் சிக்கல். ஓர் ஒலிக்கு இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். மரபுமொழியாளரின் பிழைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

1. பி, வி என்ற இரண்டு எழுத்துகளுக்கும் ஸ்பானிஷில் ஒரே ஒலி. தமிழ்நாட்டில் பலரது பேச்சில் ர, ற வேறுபாடு மறைந்துவிட்டதால் எழுதும்போது தடுமாறுவது போன்றதுதான் இதுவும். 'போய்க்கொண்டிருந்தேன்' என்பதைக் குறிக்கும் 'இவா'வை பி போட்டு எழுத வேண்டும். வி போட்டு எழுதுவது மிகச் சாதாரணமான பிழை.

2. எச் எழுத்துக்கு ஒலியே கிடையாது. 'பார்க்கலாம்' என்ற பொருளுள்ள 'ஆ வேர்' இரண்டு சொல், எச் கிடையாது. 'இருத்தல்' என்ற பொருளுள்ள 'அவேர்' ஒரே சொல். எச் எழுத்தில் தொடங்கி நடுவில் பி வரும். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இதில் ஸ்பானிஷையே தாய்மொழியாகப் படித்தவர்களும் சறுக்குவார்கள்.

3. எஸ், இசட், சில இடங்களில் சி ஆகிய மூன்றும் லத்தீன் அமெரிக்காவில் ஒரே ஒலி. 'வீடு' என்பதும் 'வேட்டை' என்பதும் அங்கே 'காசா'தான். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இவற்றைப் பிரித்து ஒலிப்பார்கள். ஆனால் அமெரிக்க மரபுமொழியாளர்களின் வேர் பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள்.

4. சொல் எங்கே முடிகிறது என்ற தடுமாற்றம். 'செய்யப் போகிறேன்' என்பதற்கு 'வோய் ஆ அசேர்' என்று மூன்று சொல் எழுத வேண்டும். பேச்சில் நடு 'ஆ' அடுத்த சொல்லோடு கரைந்துவிடுவதால் தாளில் காணாமல் போய்விடும்.

5. ஆங்கிலப் பள்ளியின் தடம். கிழமைகளையும் மாதங்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவது, 'புரொஃபெசோர்' போன்ற சொற்களில் எஸ்ஸை இரட்டிப்பது. இவை ஸ்பானிஷில் தவறு.

இரண்டாம் மொழி கற்றவரின் தாள் வேறு மாதிரி இருக்கும். எழுத்துக்கூட்டல் சுத்தமாக இருக்கும். வாக்கியத்துக்குள் ஆங்கிலம் உட்கார்ந்திருக்கும். வினையே ஆளைக் காட்டிவிடும் மொழியில், வாக்கியத்துக்கு வாக்கியம் 'நான், நான்' என்று எழுதியிருப்பார். ஸ்பானிஷிலும் நம்மைப் போலவே 'எனக்குப் பிடிக்கும்' என்ற அமைப்புதான். ஆங்கிலத்திலிருந்து வருபவர் 'நான் பிடிக்கிறேன்' என்பது போல எழுதிவிடுவார். ஸ்பானிஷில் பொருள்களைக் குறிக்கும் சொற்களுக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. ஆ-வில் முடிவதால் 'சிக்கல்' என்ற பொருளுள்ள 'ப்ரோப்லேமா'வைப் பெண்பால் ஆக்கிவிடுவார், அது ஆண்பால். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைப் போட்டுவிட்டு, அது அந்த இடத்தில் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்க்க அவருக்குக் காது இன்னும் பழகியிருக்காது.

சரி, ஒரே பிழைக்கு இரண்டு காரணம் என்றோமே, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'ஆப்லோ' என்ற சொல்லை முதல் அசையில் அழுத்திச் சொன்னால் 'பேசுகிறேன்'. கடைசி அசையில் அழுத்தி, அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு சிறு கோடு போட்டால் 'அவர் பேசினார்'. 'நேற்று அப்பா பேசினார்' என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு மாணவர்களும் கோட்டை விட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் இரண்டு தாளிலும் ஒரே வட்டம் போடுகிறார். இரண்டாம் மொழி மாணவருக்கு இறந்தகால விகுதியே இன்னும் உறுதியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவருக்குக் காலங்களைப் பற்றிய பாடம் வேண்டும். மரபுமொழி மாணவிக்கு அந்தக் காலம் நான்கு வயதிலேயே தெரியும். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால், தான் கோடு போடாத அதே சொல்லைச் சரியான அழுத்தத்தோடு படிப்பாள். அவளுக்கு மறுபடியும் இறந்தகாலப் பாடம் நடத்துவது அவளுடைய நேரத்தையும் தன்மதிப்பையும் வீணாக்குவது.

## அந்தச் சிறு கோடு

மரபுமொழியாளரின் எழுத்துப் பிழைகளில் பெரும்பங்கு இந்த அழுத்தக்குறிகளைச் சேர்ந்தது. விதி எளிமையானதுதான்:

1. சொல் உயிரெழுத்திலோ, 'என்', 'எஸ்' என்ற எழுத்துகளிலோ முடிந்தால் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். குறி வேண்டாம்.

2. மற்ற மெய்களில் முடிந்தால் கடைசி அசையில் விழும். அப்போதும் குறி வேண்டாம்.

3. இந்த இரண்டுக்கும் மாறாக அழுத்தம் விழுந்தால் குறி போட வேண்டும். கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் வந்தால் எப்போதும் குறி.

இவற்றோடு, உயிர்கள் சேரும் இடங்களுக்கும் ஓரசைச் சொற்களுக்கும் தனி விதிகள் உண்டு.

எந்த அசையில் அழுத்தம் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த விதிகள் உதவும். அதுதான் சிக்கல். வாழ்நாள் முழுக்கச் சரியாக ஒலித்துவரும் ஒருவரிடம் 'எந்த அசையை அழுத்துகிறாய்?' என்று கேட்டால் விழிப்பார். அது அவர் கவனித்துக் கற்றதல்ல. அதனால் நல்ல ஆசிரியர்கள் விதியை நடத்துவதற்கு முன், தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் சொல்லை நீட்டிச் சொல்லவைத்து, எந்த அசை நீள்கிறது என்று கேட்கப் பழக்குகிறார்கள். இரண்டாம் மொழி கற்பவருக்கோ குறி அந்தச் சொல்லின் ஓர் உறுப்பாகவே மனப்பாடமாகி இருக்கும். ஒலியைப் பற்றி யோசிக்காமலேயே போட்டுவிடுவார்.

இந்தக் குறிகள் ஸ்பானிஷ் உலகுக்கே இயல்பாக வந்துவிடுவதில்லை. ஸ்பானிஷ் எழுத்து விதிகளை வகுக்கும், 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதெமி, 'மட்டும்' என்ற பொருளில் வரும் 'சோலோ'வுக்குக் குறி தேவையில்லை என்று 2010-இல் சொன்னது. எழுத்தாளர்களில் பலர் ஏற்கவில்லை. அகாதெமிக்குள்ளேயே சண்டை நடந்தது. குழப்பம் வரும் என்று எழுதுபவர் நினைத்தால் போட்டுக்கொள்ளலாம் என்று 2023-இல் விளக்கம் தர வேண்டியதாயிற்று. மொழியின் காவலர்களே பதின்மூன்று வருடம் வாதாடிய குறிகளுக்காக, எழுதவே சொல்லித்தரப்படாத ஒரு பெண்ணிடம் 'உனக்கு உன் மொழியே தெரியவில்லை' என்று சொல்வது பெரிய அநியாயம்.

## பாட்டியின் சொல் பிழையா?

சிவப்பு மைக்குள் இன்னொரு வகையும் கலந்து கிடக்கிறது. 'இருக்கட்டும்' என்ற பொருளில் வரும் 'ஆயா'வுக்குப் பதிலாகச் சில மாணவர்கள் 'ஆய்கா' என்று எழுதுவார்கள். ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் கிராமப்புறப் பேச்சில் இன்றும் கேட்கும் வடிவம் அது. 'கொண்டுவந்தேன்' என்பதற்கு 'ட்ரூஹே' என்பார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிஷ் எழுத்தில் சர்வசாதாரணமாகப் புழங்கிய வடிவம் அது. பின்னால் எழுத்துமொழி அதைக் கைவிட்டது, கிராமங்கள் விடவில்லை. அமெரிக்காவுக்கு வேலை தேடி வந்தவர்களில் பலர் அத்தகைய கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 'ட்ரோக்கா', 'லோன்ச்சே' போன்ற சொற்கள் வேறு வகை. லாரிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆங்கிலத்திலிருந்து எடுத்து ஸ்பானிஷ் உடை மாட்டிய சொற்கள் அவை.

ஆக, ஆசிரியர் வட்டமிடும் இடங்களில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கின்றன: எழுத்துக்கூட்டல் தவறு, வட்டார வடிவம், கடன்சொல். முதலாவது எந்த ஸ்பானிஷிலும் தவறு. மற்ற இரண்டும் தவறல்ல. எழுதும் இடத்துக்குப் பொருந்துமா என்ற கேள்விதான். மூன்றையும் ஒரே மையில் அடித்தால், மாணவிக்குக் கிடைக்கும் செய்தி 'பாட்டி பேசியதெல்லாம் தப்பு' என்பதே. அதற்குப் பிறகு அவள் ஸ்பானிஷில் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு என்று முடிவு செய்துவிடுகிறாள்.

'வீட்டில் அது, கட்டுரையில் இது' என்று இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதே பரவலாக ஏற்கப்பட்ட வழி. நெல்சன் ஃப்ளோரெஸ், ஜொனதன் ரோசா ஆகிய ஆய்வாளர்கள் 2015-இல் இதையும் கேள்விக்கு உட்படுத்தினார்கள். இந்த முறைகூட வீட்டுமொழியைக் கீழ்ப்படியில் வைக்கிறது. எப்படி எழுதினாலும் குறையுள்ளவர்களாகவே பார்க்கப்படும் பிள்ளைகளுக்கு மொழியைத் திருத்துவது மட்டும் தீர்வாகாது என்பது அவர்கள் வாதம். அந்தக் கண்டனத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் எழுத்துமொழியைக் கற்பிக்காமல் விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் அந்த எழுத்தைக் கொண்டுதான் இந்தப் பிள்ளைகள் தங்கள் பெற்றோருக்காக நிற்கப்போகிறார்கள். எழுத்துமொழி ஏன் அப்படி ஆனது, யார் தீர்மானித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் முறை.

## எழுத்து ஏன் வீட்டோடு வரவில்லை?

பேச்சு பெற்றோரிடமிருந்து வரும். எழுத்தைத் தருவது பள்ளி. அந்தப் பள்ளி ஸ்பானிஷை எப்படி நடத்தியது என்று பார்த்தால் மீதி புரியும்.

டெக்சஸ் 1918-இல் ஆங்கிலம் தவிர்த்த மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கியது. அந்த மாநிலத்தின் மார்ஃபா என்ற ஊரில் மெக்சிக அமெரிக்கக் குழந்தைகளுக்கென்று தனியாக இருந்த பள்ளி பிளாக்வெல். 1954-இல் அங்கே ஒரு சடங்கு நடந்தது. குழந்தைகளிடம் காகிதத் துண்டுகளைக் கொடுத்து, ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று எழுதவைத்து, அவற்றைப் பெட்டியில் போட்டு, 'திரு. ஸ்பானிஷ்' இறந்துவிட்டார் என்று பள்ளி வளாகத்தில் புதைத்தார்கள். இன்று அந்தப் பள்ளி ஒரு தேசிய வரலாற்றுத் தலம். அந்தக் குழந்தைகள்தான் பின்னால் பெற்றோரானார்கள். தம் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் எழுதப் படிக்கச் சொல்லித்தர அவர்களுக்கு எங்கிருந்து வரும்?

மறுபக்கமும் உண்டு. கியூபாவிலிருந்து வெளியேறியவர்கள் குடியேறிய மயாமியில் 1963-இல் கோரல் வே பள்ளி இருமொழிக் கல்வியைத் தொடங்கியது. 1968-இல் நாடு முழுவதற்கும் இருமொழிக் கல்விச் சட்டம் வந்தது. அப்புறம் காற்று திரும்பியது. 1998-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் இருமொழி வகுப்புகளைப் பெருமளவு நிறுத்தும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். 2016-இல் அதே மாநிலத்தின் வாக்காளர்களே அதை நீக்கினார்கள். இடையில் கழிந்த 18 வருடம் ஒரு முழுத் தலைமுறையின் பள்ளிப் பருவம். இன்று கல்லூரிக் கட்டுரையில் தடுமாறுவோர் பலர் அந்த இடைவெளியின் பிள்ளைகள்.

## வெறும் கையோடு வருவதில்லை

இந்த மாணவர்களுக்கு எழுதவே தெரியாது என்று நினைப்பதும் தவறு. ஆங்கிலத்தில் பன்னிரண்டு வருடம் எழுதியிருக்கிறார்கள். கருத்தை முன்வைப்பது, சான்று தருவது, பத்தி பிரிப்பது எல்லாம் தெரியும். ஒரு மொழியில் பெற்ற இத்தகைய திறன் இன்னொன்றுக்கும் கடந்துவரும் என்று கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-இலேயே வாதிட்டார். அதோடு, இன்று வாட்ஸ்அப்பில் அத்தைக்கும் பாட்டிக்கும் தினமும் ஸ்பானிஷில் எழுதுகிறார்கள். குறி இருக்காது, எச் இருக்காது. ஆனால் உயிருள்ள எழுத்து.

## இதனால் நடைமுறையில் என்ன ஆகிறது?

முதல் விளைவு சேர்க்கைத் தேர்வு. கோடிட்ட இடத்தை நிரப்பு, விதியைச் சொல் என்ற பாணித் தேர்வு வைத்தால், வீட்டில் மணிக்கணக்காகப் பேசும் மாணவி 'வணக்கம், என் பெயர்' வகுப்பில் போய் உட்கார வேண்டியிருக்கும். பேச்சை மட்டும் கேட்டு மேல்வகுப்பில் போட்டால், முதல் இலக்கியக் கட்டுரையிலேயே திணறுவாள். இரண்டும் அவளை வெளியே தள்ளும் வழிகள்.

அதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் மரபுமொழியாளருக்கென்று தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கின்றன. மரியா கரெய்ரா, ஓல்கா ககன் ஆகிய ஆய்வாளர்கள் முன்வைத்த முறையில் பாடம் முழுப் பனுவலிலிருந்து தொடங்கும். கேட்பதிலிருந்து படிப்பதற்கும், வீட்டு மொழியிலிருந்து பொதுவெளி மொழிக்கும் நகரும். இலக்கணம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும். இரண்டாம் மொழிப் பாடநூல்களின் வரிசைக்கு இது கிட்டத்தட்ட நேர்த்தலைகீழ்.

தனி வகுப்பு நடத்த ஆள் இல்லாத இடங்களில் இரு வகையினரும் சேர்ந்துதான் படிக்கிறார்கள். அது கெடுதல் என்று இல்லை. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவராக ஜோடி சேர்த்து எழுதும் வேலை கொடுத்த ஆய்வுகளில், சொல்லுக்கும் வாக்கியத்துக்கும் இரண்டாம் மொழி மாணவர் மரபுமொழி மாணவரிடம் கேட்பதும், எழுத்துக்கும் குறிக்கும் மரபுமொழி மாணவர் இரண்டாம் மொழி மாணவரிடம் கேட்பதும் பதிவாகியிருக்கிறது. வெறும் பேச்சு வேலை கொடுத்தால் உதவி ஒரு திசையில்தான் ஓடும். எழுதச் சொல்லும்போதுதான் இருவரும் கொடுக்கவும் வாங்கவும் செய்கிறார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது கடைசி விளைவு. டெக்சஸில் இருமொழி வகுப்பு நடத்த விரும்பும் ஆசிரியர், ஸ்பானிஷில் கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது நான்கும் உள்ள உரிமத் தேர்வில் தேற வேண்டும். அந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர்கள் அந்த மாநிலத்திலேயே வளர்ந்த மரபுமொழியாளர்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் பள்ளியில் ஒரு வருடம்கூட ஸ்பானிஷில் எழுதப் பழகாமல் அந்தத் தேர்வுக்கு வருபவர்களும் அவர்களில் உண்டு. இருமொழி ஆசிரியர் பற்றாக்குறையால் ஸ்பெயினிலிருந்தும் புவேர்த்தோ ரீக்கோவிலிருந்தும் ஆட்களை வரவழைத்த பள்ளி மாவட்டங்கள் அங்கே இருக்கின்றன. தேர்வை எளிதாக்கச் சொல்வது இதற்கு வழியல்ல. ஆசிரியர் பயிற்சியின் முதல் வருடத்திலேயே, ஸ்பானிஷ் வகுப்பில் மட்டும் நிறுத்தாமல் கணக்கு, அறிவியல் கற்பிக்கும் பாடங்களிலும் ஸ்பானிஷில் எழுதவைக்க வேண்டும். குறி விட்டுப்போனதற்கு ஒரு பாடமும், வினைவடிவம் தவறியதற்கு வேறொரு பாடமும் என்று பிரித்துத் திருத்த வேண்டும்.